மூலையில் ஓர் எழுத்து

ஆஸ்திரேலியாவில் எங்கள் செம்புச் சுரங்க ஊரான வீல் மார்த்தாவில், முதல் உலக யுத்தகாலத்தில் யாரும் தபால்காரரைக் கண்டு பயப்படவில்லை. பயமெல்லாம் போதகரைக் கண்டுதான். பிரான்சுப் போர்முனையில் ஊர்ப் பையன் ஒருவன் செத்தால் சேதி தந்தி ஆபீசுக்கு வரும், அங்கிருந்து போதகர் கைக்குப் போகும், அவர் நடந்துபோய்க் கதவைத் தட்டிச் சொல்ல வேண்டும். அரசாங்கம் செய்த ஏற்பாடு அது. தேவனுடைய ஆள் வந்து சொன்னால் துக்கம் கொஞ்சம் ஆறுமே என்று எந்தப் புண்ணியவானுக்கோ தோன்றியிருக்கிறது. கடைசியில் நடந்தது என்னவென்றால், தெருமுனையில் கறுப்புக் கோட்டு தெரிந்தாலே தெருவில் ஈ காக்கை இருக்காது.

போதகர் கிரெய்க் அடிலெய்டிலிருந்து வந்தவர். ஒல்லியான ஆள், கூச்ச சுபாவம், பேச ஆரம்பிக்குமுன் ஒரு தடவை இருமிக்கொள்வார். ஒரு நாள் சபைத் தேநீர் விருந்துக்குக் கேக் கொண்டுவர முடியுமா என்று கேட்க லவ்டே ஸ்க்யூஸ் வீட்டுக்குப் போனார். லவ்டேயின் மகன் ஜேபஸ் போர்முனையில் இருந்தான். அவள் ஜன்னல் வழியாக இவரைப் பார்த்தாள். துணி அலசிய வாளித் தண்ணீரை அப்படியே தூக்கி அவர்மேல் ஊற்றிவிட்டுக் கதவைத் தாழ்போட்டுக்கொண்டாள். உள்ளேயிருந்து "சொல்லாதீங்க, சொல்லாதீங்க" என்று ஒரே அலறல். போதகர் தலையிலிருந்து சோப்புத் தண்ணீர் சொட்ட, "கேக்குக்காகத்தாம்மா வந்தேன், கேக்கு மட்டும்தான்" என்று கதவிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

இதையெல்லாம் ரொட்டி வண்டியின் மேலே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவள் டாம்சின் ட்ரெலோர். ஊரின் ரொட்டிக்கடைக்காரி. புருஷன் இறந்தபிறகு அடுப்பும் வண்டியும் குதிரையும் அவள் தலையில் விழுந்தன. அவளும் ஒரு முனகல் இல்லாமல் தூக்கிக்கொண்டாள். தோள் அகலமானவள், முன்கையெல்லாம் அடுப்புச் சூட்டுத் தழும்பு. யாரைப் பார்த்தாலும் "ராசா" என்பாள். சுரங்க மேலாளரும் ராசா, குதிரையும் ராசா, வரி வசூலிக்க வருகிறவனும் ராசா.

"ஏறுங்க ராசா, இப்படியே நடந்து போனா சளி பிடிக்கும்" என்றாள் போதகரிடம்.

அவர் ஏறி உட்கார்ந்து ஒரு தடவை இருமினார். "என்னைப் பார்த்தாலே ஜனங்க செத்துப்போறாங்கம்மா. நேத்து ஒரு பெரியவர், நான் ஜெபம் பண்ணத்தான் வந்தேன்னு சொல்லியும் கட்டிலுக்கு அடியில போய் ஒளிஞ்சிக்கிட்டாரு. அவருக்கு வயித்துவலி. நான் தரையில குப்புறப் படுத்து ஜெபம் பண்ணிட்டு வந்தேன்."

டாம்சினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கவில்லை, நன்றாகவே சிரித்தாள். அப்புறம் சொன்னாள்:

"நீங்க சாவுக்கு மட்டும் வந்தா சாவு மாதிரிதான் தெரிவீங்க. தினமும் வாங்க."

"தினமும் எதுக்கும்மா வர்றது?"

"ரொட்டி குடுக்க."

மறுநாளிலிருந்து வீல் மார்த்தா அந்தக் கூத்தைப் பார்த்தது. போதகர் ரொட்டிக் கூடையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினார். முதல் வாரம் அலறல், இரண்டாம் வாரம் முணுமுணுப்பு, அதற்கப்புறம் "நேத்து ரொட்டி கருகியிருந்துதே ஐயா" என்று அவரிடமே புகார். ஊருக்கெல்லாம் டாம்சின் ஒன்றே ஒன்றுதான் சொல்லி வைத்திருந்தாள்: போதகர் தலையில் தொப்பி இருந்தால் அது வெறும் ரொட்டி, நிம்மதியாக வாங்கிக்கொள்ளுங்கள். சேதி இருக்கிற அன்றைக்கு மட்டும், ரொட்டியைக் கையில் கொடுத்தபிறகு அவர் தொப்பியைக் கழற்றுவார்.

"ஏம்மா முதல்ல ரொட்டி?" என்று கேட்டார் போதகர்.

"அதுக்கப்புறம் அந்த வீட்ல யாரு அடுப்புப் பத்தவைக்கப் போறா? வீட்ல ரொட்டியாவது இருக்கட்டுமே."

அந்தக் குளிர்காலத்தில்தான், பெரும் சண்டை நடந்த போஸியேர் என்ற பிரெஞ்சுக் கிராமத்தின் பெயரை ஊர் கற்றுக்கொண்டது. வாயில் நுழையாத பெயர். போதகரின் தொப்பி அடிக்கடி கழன்றது. அப்போதெல்லாம் டாம்சின் வண்டியைத் தெருவிலேயே நிறுத்தி, குதிரையின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, எவ்வளவு நேரமானாலும் காத்திருப்பாள். அவர் வெளியே வரும்போது கை நடுங்கும். கடிவாளத்தை அவர் கையில் கொடுத்து, "ஓட்டுங்க ராசா, கைக்கு வேலை இருந்தா ஆடாது" என்பாள்.

தைரியசாலி என்று ஊர் சொன்னது. எனக்கும் அதில் மறுப்பில்லை. ஆனால் அவளுடைய ஒரே பிள்ளை டிகரியும் அந்தப் பிரான்சில்தான் இருந்தான். ஒவ்வொரு நாள் விடியலிலும் போதகர் கடைக்குள் நுழையும்போது, மாவுக்கையோடு அவள் முதலில் பார்ப்பது அவர் தலையைத்தான். தொப்பி இருந்தால், "என்ன ராசா, தூங்கினீங்களா?" என்பாள். அந்தக் கேள்விக்கு முன்னால் அவள் மூச்சு நின்று வருவதை அவர் ஒருவர்தான் அறிவார்.

டிகரி சுரங்கத்துப் பையன். மாவு என்றால் தும்மல் வரும் என்று கடைப்பக்கமே வரமாட்டான், ஆனால் தின்ன மட்டும் வந்துவிடுவான். எங்கள் ஊர்ச் செம்புச் சுரங்கத்து ஆட்கள் எல்லாரும் சீமையின் சுரங்கப் பகுதியான கார்ன்வாலிலிருந்து வந்த பரம்பரை. அவர்கள் சாப்பாடு பாஸ்டி. இறைச்சியும் உருளைக்கிழங்கும் வைத்து மடித்து, ஓரத்தைக் கயிறுபோல முறுக்கிச் சுடுவது. ஒரு மூலையில் மாவாலேயே தின்னப்போகிறவன் பெயரின் முதல் எழுத்தை ஒட்டுவார்கள். மறுமூலையிலிருந்து தின்றுகொண்டு வரவேண்டும். பாதியில் வைத்துவிட்டுப் போனாலும் எழுத்து இருப்பதால் எவனும் தூக்கமாட்டான். கடைசியில் அந்த எழுத்து மூலையைத் தின்னாமல் சுரங்கத்திலேயே வைத்துவிட்டு வருவார்கள். அது தட்டுகிறவர்களுக்கு. பாறைக்குள்ளே குட்டி மனிதர்கள் இருக்கிறார்கள், கூரை சரியப்போகிறதென்றால் தட்டி எச்சரிப்பார்கள், அவர்களைப் பட்டினி போடக்கூடாது. சிரிக்காதீர்கள். சபையில் முன்வரிசையில் உட்காருகிற மூப்பர்களும் வைத்துவிட்டுத்தான் வருவார்கள்.

பையன்கள் கப்பலேறிய பிறகும் சனிக்கிழமைகளில் தாய்மார்கள் அவர்கள் எழுத்துப் போட்டு ஒரு பாஸ்டி கேட்டார்கள். தம்பி தங்கைகள் தின்பார்கள், மூலையை மட்டும் வேலிக்கம்பத்தில் வைப்பார்கள். டாம்சினும் டிகரிக்கு ஒரு டி போட்டாள். அதை வண்டியிலேயே போதகரோடு பங்கு போட்டுத் தின்பாள். "அவன் வந்து கேட்டா, உம் பங்கைப் போதகர்தான் தின்னாருன்னு சொல்லிடுவேன்" என்பாள்.

டிகரியைச் சுரங்கப் படையில் போட்டிருந்தார்கள். எதிரிக் கோட்டுக்கு அடியில் குடைந்துகொண்டே போய் வெடி வைக்கிற வேலை. அங்கிருந்து அவன் எழுதியதை டாம்சின் தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தாள். "இங்கயும் மண்ணுக்குள்ள தட்டுறாங்கம்மா. ஆனா ஜெர்மன்ல தட்டுறாங்க. இருந்தாலும் பிஸ்கட்டு மூலையை வச்சிட்டுத்தான் வர்றேன்" என்று எழுதியிருந்தான். எதிர்ப்பக்கத்திலிருந்து அவர்களும் குடைந்துகொண்டு வந்தார்கள், அதுதான் சத்தம். ஊரே சிரித்தது. சுரங்கத்தில் வேலை பார்த்த கிழவர்கள் மட்டும் சிரிக்கவில்லை.

வண்டியின் கடைசி வீடு ஓட்டிலி நோஸ்கேயுடையது. ஊருக்கு வெளியே, கோதுமை வயலோரம் தனியாக இருந்த ஜெர்மன் விதவை. அவள் பிறந்ததே இந்த மண்ணில்தான், ஆனாலும் யுத்தம் வந்ததும் ஜெர்மன்காரி ஆகிவிட்டாள். மளிகைக்கடையில் அவளுக்குச் சாமான் கிடையாது, கூரையில் இரவில் கல் விழும். இத்தனைக்கும் அவள் மகன் டீட்ரிக் ஆஸ்திரேலியப் பட்டாளத்தில், ஜெர்மன்காரர்களை எதிர்த்து நின்றுகொண்டிருந்தான். அதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. டாம்சின் மட்டும் ரொட்டியை நிறுத்தவில்லை.

"அந்த வீட்டுக்குக் குடுத்த கையால எனக்கு ரொட்டி வேணாம்" என்றாள் லவ்டே ஒரு நாள்.

"அந்த வீட்டுக்குக் கடைசியாத்தான் போறேன் லவ்டே. உனக்கு முன்னாடியே குடுத்துடறேன். கை சுத்தமாத்தான் இருக்கு, பாரு" என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். லவ்டே ரொட்டியை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

ஓட்டிலிக்குப் பாஸ்டி பழக்கமில்லை. டாம்சின்தான் வம்புக்கு ஆரம்பித்தாள். "உன் மவனுக்கும் டி, என் மவனுக்கும் டி. மாறிடப் போகுது, உன்னோடதுல ஒரு பொட்டு வைக்கிறேன்." அப்படியே டி எழுத்துக்குப் பக்கத்தில் மாவால் ஒரு பொட்டு வைத்து, சனிக்கிழமை தோறும் கொடுத்துவந்தாள்.

போஸியேரில் டீட்ரிக் செத்தான். அவளுடைய லூத்தரன் சபைப் போதகர் யாரும் பக்கத்தில் இல்லை. அதனால் கிரெய்க்தான் போய்த் தொப்பியைக் கழற்றினார். ஓட்டிலி ரொட்டியை மார்போடு அணைத்தபடி, "நன்றி ஐயா" என்று மட்டும் சொன்னாள். அந்தச் சனிக்கிழமை டாம்சின் ஒரு தப்புச் செய்தாள். விடியலில் கை தன்பாட்டுக்குப் போய் இரண்டு டி போட்டுவிட்டது. ஒன்றில் பொட்டு. அடுப்பிலிருந்து எடுத்தபிறகுதான் பார்த்தாள். பொட்டு வைத்ததைக் கூடைத் துணிக்கு அடியில் ஒளித்து வைத்தாள். விஷயம் தெரியாத போதகர் கடைசி வாசலில் கூடையைத் துழாவி, பொட்டைப் பார்த்து, அதை எடுத்துக்கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார்.

டாம்சின் வண்டியிலிருந்து குதித்து ஓடினாள். "ஓட்டிலி, தப்பு என்மேல. கை மறந்துபோச்சு. மன்னிச்சுக்கோ."

ஓட்டிலி எழுத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். "கை மறக்கல டாம்சின். அது ஒண்ணுதான் மறக்கல. நிறுத்திடாத."

அதனால் நிறுத்தவில்லை. பிள்ளையை இழந்த மற்ற வீடுகளில் சிலர் "இனிமே எழுத்து வேணாம்" என்று சொல்வார்கள், சொல்லும்வரை டாம்சின் தானாக எந்த எழுத்தையும் விட்டதில்லை.

அந்த வருஷம் அக்டோபரில் இன்னொரு யுத்தம் ஊருக்குள்ளேயே நடந்தது. கட்டாயமாகப் படைக்கு ஆளெடுக்கலாமா என்று அரசாங்கம் ஜனங்களிடம் ஓட்டுக் கேட்டது. அண்ணன் தம்பி பேசிக்கொள்ளவில்லை, சபையில் பெஞ்சு மாறி உட்கார்ந்தார்கள். லவ்டே நடுத்தெருவில் குதிரையை மறித்துக்கொண்டு கேட்டாள்:

"உன் ஓட்டு எதுக்குடி?"

"வேணாம்கிறதுக்கு."

"நம்ம பிள்ளைங்க அங்க ஒத்தையா கிடந்து சாகட்டும்கிறியா? துணைக்கு ஆள் அனுப்ப மாட்டியா? நீயெல்லாம் ஒரு தாயா?"

டாம்சின் முகம் சிவந்தது. ஆனாலும் குரல் உயரவில்லை. "என் மவன் தன் கால்ல நடந்து போனான், நான் தடுக்கல. அடுத்தவ மவனைப் பிடிச்சுத் தள்ள எனக்குக் கை வராது. நவுரு ராசா, ரொட்டி ஆறுது." கடைசி வார்த்தை குதிரைக்கா லவ்டேக்கா என்று தெரியவில்லை. இரண்டு பேருமே நகர்ந்தார்கள்.

அடுத்த வருஷம் மே மாதம், எங்கள் பக்கம் குளிர் தொடங்குகிற காலம், ஒரு சனிக்கிழமை. போதகர் கடைக்குள் நுழைந்தார். டாம்சின் நிமிர்ந்து பார்த்தாள். தொப்பி கையில் இருந்தது.

அவர் வாயைத் திறந்தார். முதலில் இருமல்தான் வந்தது.

"பேசாதீங்க" என்றாள் டாம்சின். பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பலகை முழுக்க அப்போதுதான் எடுத்த பாஸ்டிகள், மூலைக்கு மூலை ஊரின் எழுத்துகள். "தொப்பியைத் தலையில வைங்க ராசா. நீங்களே சட்டத்தை மீறினா எப்படி? ரொட்டிக்கு அப்புறம்தான் சேதி. எனக்குக் கடைசி ரொட்டி ஓட்டிலி வீட்ல. அங்க சொல்லுங்க."

"அம்மா, இன்னைக்கு ஒரு நாளாவது..."

"இன்னைக்கு ஊரு சாப்பிட வேணாமா?"

தொப்பியை வைத்துக்கொண்டார். வண்டி கிளம்பியது. டாம்சின் கடிவாளத்தைப் பிடித்திருந்தாளே தவிர ஓட்டவில்லை. குதிரைக்கு எல்லா வாசலும் தெரியும், அதுவே நின்றது, அதுவே நடந்தது. முதல் தெருவில் ஜனங்கள் போதகரின் தலையைப் பார்த்தார்கள், தொப்பி இருந்தது, சிரித்தார்கள். பிறகு முகத்தைப் பார்த்தார்கள். அழுதுகொண்டே ரொட்டி கொடுக்கிற மனிதரை யார் பார்த்திருக்கிறார்கள்? அப்புறம் வண்டியில் இருந்த டாம்சினைப் பார்த்தார்கள்.

இரண்டாம் தெருவில் கதவு தட்ட வேலையில்லை. அவரவர் வாசலுக்கு வந்து அவரவர் ரொட்டியைக் கூடையிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். அவளே இன்னும் கேட்டுக்கொள்ளாத சேதியை நாம் எப்படி முதலில் சொல்வது? ஆண்கள் தொப்பியைக் கழற்றப்போய், பாதியில் நினைவு வந்து, திரும்பத் தலையில் அழுத்திக்கொண்டார்கள்.

லவ்டே ரொட்டியை வாங்கியபின் உள்ளே போகவில்லை. இடுப்பில் கட்டிய சமையல் துணியோடு வண்டியின் பக்கத்திலேயே நடந்து வந்தாள். ஊர் எல்லை வரை வந்தாள். அதற்குமேல் ஜெர்மன் வீட்டுப் பாதை. அங்கே நின்றுவிட்டாள். லவ்டேக்கு அதுவே பெரிசு.

கடைசி வாசலில் குதிரை நின்றது. ஓட்டிலி வெளியே வந்தாள். போதகர் ரொட்டியையும் பொட்டு வைத்த பாஸ்டியையும் அவள் கையில் கொடுத்தார். பிறகு டாம்சின் பக்கம் திரும்பித் தொப்பியைக் கழற்றினார்.

"இப்ப சொல்லுங்க" என்றாள் டாம்சின்.

"டிகரி. சுரங்கத்துக்குள்ள. எதிர்ப்பக்கத்துக்காரங்க வச்ச வெடி."

"வெளிய எடுத்தாங்களா?"

"முடியலம்மா."

டாம்சின் தலையை ஆட்டினாள். இறங்க முயன்றாள், கால் படியைக் கண்டுபிடிக்கவில்லை. ஓட்டிலி கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்து பிடித்துக்கொண்டாள். பிடித்தவள் உடனே விடவும் பார்த்தாள்.

"எங்க ஆளுங்க" என்றாள் ஓட்டிலி. "டாம்சின், அங்க தட்டினது எங்க ஆளுங்கதானே."

"உன் மவனைக் கொன்னது யாரு?"

"அதே ஆளுங்கதான்."

"அப்புறம் என்ன எங்க ஆளுங்க? பிடிச்ச கையை விடாத, விழுந்துடுவேன்."

விழவில்லை. ஓட்டிலியின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றபடியே அழுதாள், தொண்டை கிழிய அழுதாள். ஊர் எல்லையில் நின்ற லவ்டேக்கும் அது கேட்டது.

திங்கட்கிழமை ரொட்டி வந்தது. செவ்வாய்க்கிழமையும் வந்தது. சனிக்கிழமை விடியலில் போதகர் கடைக்குப் போனபோது பாஸ்டிகள் தயாராக இருந்தன. கூடையில் அடுக்கும்போது பார்த்தார். ஊரின் எல்லா எழுத்தும் இருந்தது, பொட்டு வைத்த டியும் இருந்தது. இன்னொரு டி இல்லை.

"கை போகல ராசா" என்றாள் அவள். "மாவைக் கிள்ளி எடுத்தேன். உருட்டினேன். வைக்க வரல." இதுவரை யாருடைய எழுத்தையும் தானாக விடாதவள்.

சுற்று முடிந்து கடைசி வாசலுக்கு வந்தார்கள். ஓட்டிலி வேலியோரம் காத்திருந்தாள். அவள் கையிலும் துணியில் சுற்றிய ஏதோ ஒன்று. போதகர் அவளுக்கு உரியதைக் கொடுத்தார். அவள் துணியைப் பிரித்து டாம்சினிடம் நீட்டினாள்.

அது பாஸ்டி என்று சொன்னால்தான் தெரியும். ஒருபக்கம் கருகியிருந்தது, இன்னொரு பக்கம் வேகவில்லை. ஓரம் பிளந்து கிழங்கு எட்டிப் பார்த்தது. ஆனால் மூலையில் தடித்த மாவில், கோணலாக, பொட்டில்லாத ஒரு டி.

டாம்சின் வாங்கிக்கொண்டாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஓரம் முறுக்கவே தெரியல உனக்கு" என்றாள்.

"தெரியாது" என்றாள் ஓட்டிலி. "நீதான் சொல்லித்தரணும்."

டாம்சின் வேலியில் சாய்ந்து நின்று, மறுமூலையிலிருந்து தின்ன ஆரம்பித்தாள். வேகாத மாவையும் கருகிய மாவையும் ஒன்றுவிடாமல் தின்றாள். போதகருக்குப் பங்கு கொடுக்கவில்லை. எழுத்து வரைக்கும் வந்ததும் நிறுத்தி, அந்தத் துண்டை வேலிக்கம்பத்தின் தலையில் வைத்தாள். பக்கத்துக் கம்பத்தில் ஓட்டிலி தன்னுடைய பாஸ்டியின் பொட்டு வைத்த மூலையைப் பிய்த்து வைத்தாள்.

"தட்டுறவங்க எந்தப் பக்கத்துக்காரங்களா இருந்தா என்ன" என்றாள் டாம்சின், மாவுக்கையைப் பாவாடையில் துடைத்தபடி. "அவங்களும் பசியோடதான் இருப்பாங்க."